ரோமக் குடியரசு எந்த நாளில் முடிந்தது? கி.மு. 27 என்ற விடை போதுமா?

தாமிரபரணி

எல்லோருக்கும் வணக்கம். பாடப்புத்தகம், போட்டித் தேர்வுக் கையேடு, யூடியூப் காணொளி, எதைத் திறந்தாலும் "ரோமக் குடியரசு கி.மு. 27இல் முடிந்து பேரரசு தொடங்கியது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரிதான் எனக்கு உறுத்துகிறது. அந்த ஆண்டு குடியரசை ஒழிக்கிறோம் என்று யாராவது சட்டம் போட்டார்களா? செனட்டைக் கலைத்தார்களா? தேர்தலை நிறுத்தினார்களா? நான் படித்த அளவில் மூன்றுமே நடக்கவில்லை. அடுத்த ஆண்டும் ஆட்சித் தலைவர்களான கான்சல்கள் இருவர் பதவியேற்றார்கள், செனட் கூடியது, மக்கள் ஓட்டுப் போட்டார்கள். அப்படியென்றால் மாறியது எது? எப்போது? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

செந்தூரன்

என் விடை கி.மு. 49 ஜனவரி. தளபதி சீசர் படையோடு இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைக் கடந்தபோது எல்லாம் முடிந்தது.

இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய மாதம்தான், சீசரும் அவருக்கு எதிரணியில் நின்ற தளபதி பாம்பியும் இருவருமே படையைக் கைவிட வேண்டும் என்று கியூரியோ என்ற ட்ரிப்யூன் (மக்கள் காவலர்) செனட்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 370, எதிர்ப்பு 22. செனட் சமாதானத்தைத்தான் விரும்பியது. ஆனால் நடந்தது அந்த 22 பேரின் விருப்பம். அவ்வளவு பெரிய பெரும்பான்மையால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றால் அந்தச் சபை அன்றே செத்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

ஆலமரத்தடி

தம்பி செந்தூரன் சொல்லும் 370க்கு 22 கணக்கு அருமையான சான்று. ஆனால் ரூபிகானில் தொடங்கினால் முன்கதை முழுக்கப் போய்விடும்.

ரோமர்கள் தங்கள் கடைசி அரசனை விரட்டியதாக நம்பிய ஆண்டு கி.மு. 509. அதன் பிறகு அவர்கள் எழுப்பிய அமைப்பு முழுவதும், அதிகாரம் எவன் கையிலும் தங்கிவிடக் கூடாது என்ற அச்சத்தில் பிறந்தது. கான்சல் இரண்டு பேர், பதவி ஓராண்டு, ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். பொதுக்குடிகளான பிளபியன்களைக் காக்க ட்ரிப்யூன்கள் பத்துப் பேர். அவர்களில் ஒருவர் "கூடாது" என்றாலே கான்சலின் ஆணையும் நின்றுபோகும். ட்ரிப்யூன் மேல் கைவைத்தவன் தெய்வக் குற்றவாளி. நெருக்கடிக்குச் சர்வாதிகாரி உண்டு. அவருக்கும் ஆறு மாதம்தான். செனட்டுக்குச் சட்டம் இயற்றும் உரிமையே கிடையாது. அது ஆலோசனை சொல்லும் சபை. சட்டம் போட்டதும் பதவிக்கு ஆள் தேர்ந்ததும் மக்கள் மன்றங்கள். ஆனால் செனட்டின் பேச்சைத் தட்டக் கூடாது என்பது வழக்கம். எழுதப்படாத இத்தகைய வழக்கங்கள்தான் ரோமைத் தாங்கின.

கி.மு. 133இல் இரண்டு பக்கத்தாரும் அவற்றை உடைத்தார்கள். ட்ரிப்யூன் டைபீரியஸ் கிராக்கஸ், அரசுப் புறம்போக்கில் 500 யுகெராவுக்கு (சுமார் 300 ஏக்கருக்கு) மேல் வளைத்துப் போட்டவர்களிடமிருந்து மீட்டு ஏழைகளுக்குப் பங்கிட வேண்டும் என்றார். சக ட்ரிப்யூன் ஆக்டேவியஸ் தடுத்தார். டைபீரியஸ் மக்களிடம் ஓட்டு வாங்கி ஆக்டேவியஸைப் பதவியிலிருந்தே இறக்கினார். அதுவரை அப்படி நடந்ததில்லை. அடுத்து, மறுபடியும் தேர்தலில் நின்றார். அப்போது தலைமைப் பூசாரியான நசிகா தலைமையில் செனட்டர்கள் உடைந்த பெஞ்சுக் கால்களோடு புறப்பட்டு வந்து அவரையும் முன்னூறு பேருக்கு மேலும் அடித்தே கொன்று டைபர் ஆற்றில் எறிந்தார்கள். ட்ரிப்யூன் மேல் கைவைக்கக் கூடாது என்ற விதியைப் பூசாரியே மீறினார். இதில் அந்தச் செனட்டர்கள் மேல் எனக்குத் துளியும் இரக்கம் கிடையாது. நிலச் சட்டத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்குச் சில ஆயிரம் ஏக்கர் போயிருக்கும், அவ்வளவுதான். 121இல் தம்பி கேயஸ் கிராக்கஸுக்கும் அதே கதி.

ஆனாலும் முடிவு அதுவல்ல. தேதி கேட்டால் நான் கி.மு. 88 என்பேன். கிழக்கே மித்ரடாட்டிஸ் அரசனோடு போர். அதற்குத் தலைமை கான்சல் சுல்லாவுக்குக் கிடைத்திருந்தது. மக்கள் மன்றத்தில் ஓட்டெடுத்து அதைப் பறித்து முதிய தளபதி மாரியஸிடம் கொடுத்தார்கள். சுல்லா நோலா ஊரில் இருந்த தன் படையிடம் போய், அதைத் திருப்பி ரோம் மேலேயே நடத்தினார். படைத் தலைவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அவரை விட்டு விலகினார்கள். சிப்பாய்கள் விலகவில்லை. தலைநகரத்தின் எல்லைக்குள் ரோமப் படை எதிரியாக நுழைந்தது அதுவே முதல் முறை. சீசர் 49இல் செய்தது சுல்லா ஏற்கெனவே காட்டிய வழி.

தாமிரபரணி

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் கடைசியில் சொன்னதுதான் என்னை நிறுத்துகிறது. தலைவர்கள் விலகினார்கள், சிப்பாய்கள் விலகவில்லை. ஏன்? அவர்களும் ரோமக் குடிமக்கள்தானே, சொந்த ஊர் மேல் ஏன் போனார்கள்?

கொங்குக்காசு

இந்தக் கேள்விக்காகத்தான் உள்ளே வந்தேன்ங்க. மொத்த இழையிலும் இதுதான் சாவி என்பது என் கருத்து.

பழைய ரோமப் படையில் சிப்பாய் என்றால் நிலம் வைத்திருக்கும் உழவன். கோடையில் போருக்குப் போவான், முடிந்ததும் ஊர் திரும்புவான். கார்த்தேஜ் தளபதி ஹானிபலோடு நடந்த போருக்குப் பிறகு ஸ்பெயின், மாசிடோனியா என்று ஆண்டுக்கணக்கில் கடல் தாண்டி நிற்க வேண்டியதாயிற்று. கி.மு. 107இல் மாரியஸ் நிலமே இல்லாதவர்களையும் படையில் சேர்த்தார். இதை ஒரே நாளில் வந்த புரட்சியாக இப்போது அறிஞர்கள் பார்ப்பதில்லை. அதற்கு முன்பே சொத்துத் தகுதி இறங்கிக்கொண்டே வந்திருந்தது. ஆனால் விளைவு ஒன்றுதான். போர் முடிந்தபின் திரும்பிப் போக நிலம் இல்லாத சிப்பாய்கள் பெருகினார்கள்.

பணிக்காலம் முடிந்தால் அவனுக்கு என்ன? குடியரசிடம் இதற்கு எந்த ஏற்பாடும் இல்லைங்க. ஓய்வூதியம் இல்லை, நிலம் இல்லை. அவனுடைய தளபதி அரசியலில் மோதி, சட்டம் கொண்டுவந்து நிலம் வாங்கித் தந்தால் உண்டு. அப்போது அவன் யாருக்கு விசுவாசமாக இருப்பான்?

பாம்பியைப் பாருங்கள். கி.மு. 62இல் கிழக்கை முழுக்க வென்றுவிட்டு இத்தாலியில் இறங்கினார். ரோம் நடுங்கியது, அடுத்த சுல்லா வந்துவிட்டான் என்று. அவரோ சட்டத்தை மதித்துப் படையைக் கலைத்துவிட்டு வெறுங்கையோடு நகரத்துக்குப் போனார். என் சிப்பாய்களுக்கு நிலம் கொடுங்கள், கிழக்கில் நான் செய்த ஏற்பாடுகளை உறுதி செய்யுங்கள் என்றுதான் கேட்டார். கேட்டோ, லுகுல்லஸ் முதலான செனட்டர்கள் இழுத்தடித்தார்கள். வேறு வழியில்லாமல் பாம்பி, சீசர், கிராசஸ் ஆகிய மூவரும் கைகோர்த்தார்கள். 59இல் சீசர் கான்சலானதும் நிலச் சட்டம் நிறைவேறியது, சீசருக்கு கால் (Gaul) என்ற மாகாணம் கிடைத்தது. குடியரசை மதித்த ஒரே பெருந்தளபதியைச் செனட்டே எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டது. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும் இடம் இது.

பிறகு சீசர் சிப்பாயின் சம்பளத்தை ஆண்டுக்கு 225 தெனாரியஸ் (ரோம வெள்ளிக் காசு) என்று இரட்டிப்பாக்கினார். அவர் இறந்தபின், அவரைக் கொன்றவர்களோடு நடந்த ஃபிலிப்பி போரில் வென்ற சிப்பாய்களைக் குடியமர்த்த இத்தாலியின் 18 ஊர்களை ஒதுக்கினார்கள். அங்கே தலைமுறையாக உழுதவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

இனி அகஸ்டஸ். சீசரின் தத்துமகன் ஆக்டேவியன் பிறகு பெற்ற பெயர் இது. அவர் தன் செயல்களைத் தானே எழுதிவைத்த கல்வெட்டில் இந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது. தனக்குப் படைப் பிரமாணம் எடுத்த குடிமக்கள் சுமார் 5 லட்சம், அவர்களில் 3 லட்சத்துக்கும் மேல் நிலமோ பணமோ கொடுத்துக் குடியமர்த்தினேன் என்கிறார். இந்த முறை நிலத்தைப் பிடுங்கவில்லை, விலை கொடுத்து வாங்கினார். இத்தாலியில் 60 கோடி செஸ்டர்ஸ் (நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ்), மாகாணங்களில் 26 கோடி. அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய வேலை. கி.பி. 6இல் படை ஓய்வுக்கென்றே தனிக் கருவூலம் தொடங்கினார். முதலாக 17 கோடியைத் தன் கையிலிருந்து போட்டார். தொடர்ந்து வருமானம் வர, வாரிசுச் சொத்தில் 5 சதவீதம், ஏல விற்பனையில் 1 சதவீதம் வரி. இருபதாண்டு பணி முடித்த லீஜியன் (குடிமக்கள் படைப்பிரிவு) சிப்பாய்க்கு 12,000 செஸ்டர்ஸ்.

சீசர் இறந்தபின் வந்த உள்நாட்டுப் போர்க் காலம் தவிர, மாசிடோனியாவை வென்ற கி.மு. 167 முதல் இத்தாலியில் இருந்த ரோமக் குடிமக்கள் நேரடி வரியே கட்டியதில்லைங்க. அதனால் பணக்காரர்கள் இந்த 5 சதவீதத்தை வெறுத்தார்கள். கி.பி. 13இல் செனட்டில் பெரிய முணுமுணுப்பு. சரி, இது வேண்டாமென்றால் உங்கள் நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி போடுகிறேன் என்று கணக்கெடுக்க ஆளை அனுப்பினார் அகஸ்டஸ். அதோடு எல்லோரும் அமைதி.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த 5 சதவீத வரியை நூறு ஆண்டு முன்பே செனட் தானாகப் போட்டிருந்தால், சிப்பாயின் முதுமைக்கு அரசே பொறுப்பேற்றிருந்தால், சுல்லாவின் பின்னால் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

செந்தூரன்

நிலம் மட்டுமே காரணம் என்றால் நூறு ஆண்டில் எத்தனையோ தளபதிகள் கிளம்பியிருக்க வேண்டுமே. பாம்பியிடமும்தான் படை இருந்தது, அவர் கிளம்பவில்லை. சுல்லா, சீசர், பத்தொன்பது வயது ஆக்டேவியன், இந்த மூன்று பேரும் துணிந்தார்கள். தனி மனிதரின் துணிச்சலையும் பேராசையையும் கணக்கில் எடுக்காமல் வரிவிகிதத்தை வைத்து மட்டும் விளக்க முடியாது.

ஆக்டேவியன் முதல் முறை கான்சலான கதை தெரியும்தானே? கி.மு. 43 கோடையில், படையிலிருந்து தூதாக வந்தவர்கள் செனட்டில் அவருக்காகக் கான்சல் பதவி கேட்டார்கள். சபை தயங்கியது. கொர்னேலியஸ் என்ற நூற்றுவர் தலைவர் மேலங்கியை விலக்கி, வாளின் பிடியைக் காட்டி, நீங்கள் செய்யாவிட்டால் இது செய்யும் என்றார். வழக்கமாக அந்தப் பதவிக்கு நாற்பது வயது தாண்டியிருக்க வேண்டும்.

மலர்_ஆ

நீங்கள் எல்லோரும் குடியரசு செத்தது என்று துக்கத்தோடு எழுதுகிறீர்கள். எனக்குக் கேள்வி வேறு. அந்தக் குடியரசு யாருடையது?

கி.மு. 70ஐ ஒட்டி எடுத்த கணக்கெடுப்பில் ரோமக் குடிமக்கள் 9 லட்சத்துக்கு மேல். அவர்கள் இத்தாலி முழுக்கப் பரவிக் கிடந்தார்கள். ஓட்டுப் போட வேண்டுமென்றால் ரோமுக்கு நேரில் வர வேண்டும். வெளியூரில் வாக்குச்சாவடி என்பதே கிடையாது. கான்சலைத் தேர்ந்தெடுக்கும் மன்றத்தில் பணக்காரப் பிரிவுகளே முதலில் ஓட்டளிக்கும். பெரும்பான்மை கிடைத்ததும் எண்ணிக்கை நின்றுவிடும். ஏழையின் முறை வருவதற்குள் முடிவு தெரிந்துவிடும். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமே இல்லை.

மாகாணங்களின் கதை இன்னும் கொடுமை. ஆசிய மாகாணத்தில் (இன்றைய மேற்குத் துருக்கி) வரி வசூலைத் தனியார் குத்தகைக் கூட்டங்களுக்கு ஏலம் விட்டார்கள். அவர்களைக் கட்டுப்படுத்திய நேர்மையான அதிகாரி ருட்டிலியஸ் ரூஃபஸ் மீது, அவர்தான் மக்களைச் சுரண்டினார் என்று வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். நாடு கடத்தப்பட்டவர் எங்கே போய் வாழ்ந்தார் தெரியுமா? எந்த மக்களைக் கொள்ளையடித்தார் என்றார்களோ அதே மக்களிடம். அவர்கள் அவரைக் கொண்டாடி வைத்துக்கொண்டார்கள். கி.மு. 88இல் மித்ரடாட்டிஸ் சொன்ன ஒரே சொல்லுக்கு ஆசிய நகரங்கள் தங்களிடையே இருந்த இத்தாலியர்களைக் கூண்டோடு கொன்றன. 80,000 பேர் என்று பழைய நூல்கள் கூறும் எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். சிசிலியைச் சூறையாடிய ஆளுநர் வெர்ரெஸ் மீது பேச்சாளர் சிசரோ வழக்கு நடத்தி வென்றதைப் பெரிதாகப் பேசுகிறோம். பிடிபட்டது ஒரு வெர்ரெஸ்தான்.

தலைநகரத்து ஏழைகளே குடியரசுக்காக அழவில்லை. கி.மு. 22இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது கூட்டம் செனட்டர்களை மண்டபத்துக்குள் பூட்டி வைத்து, அகஸ்டஸைச் சர்வாதிகாரி ஆக்குங்கள், இல்லாவிட்டால் கொளுத்திவிடுவோம் என்று மிரட்டியது. அந்தப் பட்டத்தை வேண்டாம் என்று மறுத்தவர் அகஸ்டஸ்தான். தானிய விநியோகப் பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொண்டு சில நாளில் தட்டுப்பாட்டைத் தீர்த்தார். பசித்தவருக்கு இரண்டு கான்சல்கள் இருப்பதால் என்ன பயன்?

ஆலமரத்தடி

அம்மா மலர், நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் சுரண்டிய ஆளுநர் மேல் வழக்குப் போட ஒரு மன்றமாவது இருந்ததே, அதையும் சேர்த்து எடைபோடுங்கள்.

வல்லைவெளி

வணக்கம். நான் சட்டப்பக்கம் வேலை செய்யிற ஆள், அதால எனக்கு இந்தக் கதையில பிடிச்ச இடம் கி.மு. 27உம் 23உம்தான். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல ஒண்டு. சீசர் கி.மு. 44இல ஆயுட்காலச் சர்வாதிகாரி எண்டு பட்டம் எடுத்தார், மார்ச் 15ஆம் திகதி அவரைக் குத்திக் கொலை செய்தாங்கள். அதுக்குப் பிறகு சீசரின்ர தளபதி ஆண்டனியே சர்வாதிகாரி எண்ட பதவியைச் சட்டம் போட்டு ஒழிச்சிட்டார். எந்தப் பேர் ஆளைக் கொல்லும் எண்டு ஆக்டேவியனுக்கு அப்பவே விளங்கியிருக்கும்.

43 நவம்பரில ஆக்டேவியன், ஆண்டனி, லெபிடஸ் மூண்டு பேரும் அஞ்சு வருசத்துக்கெண்டு எடுத்த அதிகாரமும் மக்கள் மன்றத்தில சட்டமா நிறைவேறினதுதான். அந்தச் சட்டப்படியான ஆட்சியில வந்ததுதான் கொலைப் பட்டியலும். டிசம்பர் 7ஆம் திகதி சிசரோவின்ர தலை போச்சுது. பிறகு ஃபிலிப்பி, 31 செப்டம்பரில ஆக்டியம் கடற்போரில ஆண்டனியைத் தோற்கடிச்சார் ஆக்டேவியன், அடுத்த வருசம் எகிப்து. மிச்சம் ஒரே ஆள்.

இப்ப 27 ஜனவரி. 13ஆம் திகதி அவர் செனட்டில, எல்லாத்தையும் உங்களிட்டயும் மக்களிட்டயும் திருப்பித் தாறன் எண்டார். செனட் விடேல்லை. ஸ்பெயின், கால், சிரியா மாகாணங்களைப் பத்து வருசத்துக்கு நீங்களே பாருங்கோ எண்டு குடுத்தது. படையில பெரும்பங்கு நிண்டது அங்கதான். எகிப்தை அவர் வேற மாதிரி வச்சிருந்தார். அங்க ஆளுநரா செனட்டர் ஆரும் போகேலாது, செனட்டருக்கு அடுத்த படியான குதிரைவீரர் வகுப்பு ஆள்தான். செனட்டர் ஒருவர் கால் வைக்கிறதெண்டாலே அவரிட்ட அனுமதி வேணும். மூண்டு நாள் கழிச்சு, 16ஆம் திகதி, அகஸ்டஸ் எண்ட பேரைக் குடுத்தாங்கள். பாடப்புத்தகத்தில வாற வரி இதுதான். ஆனா இதில அரசியலமைப்பு மாறேல்லை. ஒரு கான்சல், சில மாகாணங்களோட. பாம்பிக்கும் முந்தி இப்பிடி நீண்டகாலப் பொறுப்புகள் குடுத்திருக்கினம்.

மாறினது கி.மு. 23இல. 31இலிருந்து வருசா வருசம் அவரே ஒரு கான்சலா இருந்ததில மற்ற பெரிய குடும்பங்களுக்கு எரிச்சல். 23இல அந்தப் பதவியை விட்டிட்டு ரெண்டு அதிகாரம் எடுத்தார். முதலாவது, ட்ரிப்யூன் பதவி இல்லாமல் ட்ரிப்யூனின்ர அதிகாரம். அவர் பாட்ரீசியன், அதாவது பழைய உயர்குடி ஆள், அந்தப் பதவிக்கு நிக்கவே ஏலாது. எண்டாலும் ஆரையும் தடுக்கலாம், மன்றத்தைக் கூட்டலாம், அவரில ஆரும் கை வைக்கேலாது. ரெண்டாவது, எந்த மாகாண ஆளுநரையும் விட மேலான படையாணை அதிகாரம். இது கோயில் தர்மகர்த்தாவா இல்லாமலே சாவிக்கொத்தை மட்டும் இடுப்பில செருகி வச்சிருக்கிற மாதிரி. தர்மகர்த்தாக்கள் வருசா வருசம் மாறுவினம், சாவி மாறாது.

குடியரசில அதிகாரம் பதவியோட ஒட்டினது. பதவி முடிஞ்சா அதிகாரமும் முடியும், அடுத்த நாளே அவரில வழக்குப் போடலாம். 23இல முதல்முறையா அதிகாரத்தைப் பதவியிலிருந்து பிரிச்செடுத்து ஒரு ஆளோட ஒட்டினாங்கள். என்னட்ட திகதி கேட்டா அதுதான்.

அங்காரா கோயில் சுவரில இண்டைக்கும் இருக்கிற அவரின்ர கல்வெட்டில, எந்தப் பதவியிலயும் என் சகபதவியாளரை விட எனக்கு அதிகாரம் கூட இருக்கேல்லை, செல்வாக்கிலதான் எல்லாரையும் விட மேல நிண்டன் எண்ட கருத்தில எழுதியிருக்குது. சட்டம் தெரிஞ்ச ஆள் வாசிச்சா அதில பொய் எண்டு பிடிக்க ஒரு சொல்லும் கிடைக்காது.

தாமிரபரணி

இவ்வளவு தெளிவாக 23ஐ யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஒரு சந்தேகம். அதிகாரத்தை ஒரு ஆளோடு ஒட்டிவிட்டால், அந்த ஆள் இறந்தபின் அது எங்கே போகும்? பதவி என்றால் தேர்தல் வரும். இதற்கு?

கொங்குக்காசு

அதற்கு விடை எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கிடைக்குதுங்க. கோவை, கரூர் வட்டாரப் புதையல்களில் அகஸ்டஸ், அவருக்கு அடுத்து ஆண்ட டைபீரியஸ் ஆகியோர் கால வெள்ளி தெனாரியஸ் நிறையக் கிடைத்திருக்கிறது. எகிப்து ரோமின் கைக்கு வந்தபின் செங்கடல் வழியாக மிளகுக்கு வந்த காசு. அதில் அடிக்கடி வரும் ஒரு வகையின் பின்பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள், நடுவில் கேடயமும் ஈட்டியும். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரர்களான கேயஸும் லூசியஸும். இருவரையும் அவர் மகன்களாகத் தத்தெடுத்திருந்தார். சுற்றி எழுதியிருப்பது, அகஸ்டஸின் மகன்கள், கான்சலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், இளைஞர் தலைவர்கள் என்று.

கான்சலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவர்களுக்கு வயது பதினைந்துதான். ஐந்தாண்டு கழித்துப் பதவியேற்கலாம் என்று முன்கூட்டியே முடிவு. ஆக, குடியரசின் மிக உயர்ந்த பதவியின் பெயரும் காசில் இருக்கிறது, தந்தை பெயரும் இருக்கிறது. இருவரும் கி.பி. 2இலும் 4இலும் அடுத்தடுத்து இறந்துவிட்டார்கள். அகஸ்டஸ் உடனே டைபீரியஸைத் தத்தெடுத்து, ட்ரிப்யூன் அதிகாரத்தைச் செனட் வழியாக அவருக்கும் வாங்கிக் கொடுத்தார். அம்மணி கேட்டதற்கு இதுதான் பதில். தான் இருக்கும்போதே அதே அதிகாரத்தை இன்னொருவருக்கும் கொடுத்து வைத்தார். கி.பி. 14 ஆகஸ்ட் 19இல் அவர் இறந்தபோது அதிகாரம் ஒருநாள்கூட ஆளில்லாமல் கிடக்கவில்லை.

மலர்_ஆ

வாக்களிக்கும் வளாகத்தைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்கள் ஓட்டுப் போடுவதற்கென்று செப்டா ஜூலியா என்ற பிரம்மாண்டமான பளிங்கு வளாகத்தைச் சீசர் திட்டமிட்டார். அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா அதைக் கட்டி முடித்தது கி.மு. 26இல். ஓட்டுக்கு மதிப்பு குறையத் தொடங்கிய பின்னர்தான் ரோமில் மிக அழகான வாக்குச்சாவடி எழுந்தது. பிறகு அங்கே கிளாடியேட்டர் சண்டை நடந்தது. கி.பி. முதல் நூற்றாண்டு முடிவதற்குள் ஆடம்பரப் பொருள் விற்கும் சந்தையாகவே ஆகிவிட்டது.

ஆலமரத்தடி

அந்த ஓட்டும் எப்போது போனது என்றால், அகஸ்டஸ் கண்மூடிய அதே கி.பி. 14இல். பதவிக்கு ஆள் தேர்ந்தெடுப்பது மக்கள் மன்றத்திலிருந்து செனட்டுக்கு மாற்றப்பட்டது. ஐந்நூறு ஆண்டு உரிமை. கலவரம் இல்லை, வீண் முணுமுணுப்புதான் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். செனட்டர்களுக்கோ நிம்மதி, இனி ஓட்டுக்காகப் பணம் இறைக்க வேண்டாம், தெருவில் கையேந்த வேண்டாம். எதிர்க்க ஏன் ஆளில்லை என்பதற்கும் அவரே காரணம் சொல்கிறார். இளைஞர்கள் ஆக்டியத்துக்குப் பின் பிறந்தவர்கள், முதியவர்களில் பலர் உள்நாட்டுப் போரின் நடுவே பிறந்தவர்கள். குடியரசைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள்?

பேச்சும் சீக்கிரமே போனது. கி.பி. 25இல் கிரெமுட்டியஸ் கார்டஸ் என்ற வரலாற்றாசிரியர் மேல் வழக்கு. குற்றம் என்ன? தன் நூலில், சீசரைக் கொன்றவர்களான புரூட்டஸைப் புகழ்ந்தார், காசியஸை ரோமர்களில் கடைசி ஆள் என்றார். அகஸ்டஸ் காலத்தில் இதே நூலுக்குத் தண்டனை இல்லை. தன் தரப்பைப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய் உண்ணாமல் உயிர்விட்டார். நூலை எரிக்கச் செனட் ஆணையிட்டது. மகள் மார்சியா படிகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அம்மா மலர் கேட்ட பசிக்கு அகஸ்டஸ் சோறு போட்டார், உண்மை. ஆனால் அந்தப் பரிமாற்றத்தின் விலை எழுத்தாளன் வீட்டில்தான் தெரிந்தது. வரலாறு சொல்லிக்கொடுத்தே வயதானவன் நான். அந்த விலை பெரிது என்றே எண்ணுகிறேன்.

செந்தூரன்

திரும்பவே முடியாது என்று உறுதியான நாள் என்று கேட்டால் எனக்கு இப்போது தோன்றுவது கி.பி. 41 ஜனவரி 24.

அன்று டைபீரியஸுக்கு அடுத்த பேரரசர் கலிகுலாவைக் காவற்படை அதிகாரி கைரியாவும் கூட்டாளிகளும் கொன்றார்கள். அரசர் இல்லை, வாரிசு அறிவிக்கப்படவில்லை. செனட் கூடியது. வழக்கமான மண்டபம் ஜூலியஸ் குடும்பத்தின் பெயரைத் தாங்கியது என்பதால் அதைத் தவிர்த்துக் கேபிடல் குன்றில் கூடினார்கள். கான்சல் சென்டியஸ் சட்டர்னினஸ் எழுந்து, சுதந்திரம் திரும்பியது என்று பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் விரலில் கலிகுலாவின் உருவம் பொறித்த மோதிரம் இருப்பதைக் கண்ட இன்னொரு செனட்டர் அதைப் பிடுங்கினார் என்று வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதுகிறார். அன்றிரவு கைரியா காவலுக்கான அடையாளச் சொல்லைக் கான்சல்களிடம் வந்து கேட்டார். கான்சல்கள் அதைக் கொடுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவர்கள் கொடுத்த சொல் "சுதந்திரம்".

அதே நேரத்தில் அரண்மனையில் திரைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸைக் காவற்படையினர் கண்டுபிடித்துத் தங்கள் முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் செனட்டுக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வந்தவர்களிலும் சிலர் குடியரசை விட்டுவிட்டு, நம்மில் யார் ஆளலாம் என்று போட்டியிடத் தொடங்கினார்கள். வெளியே கூட்டம் ஒரே ஆட்சியாளர் வேண்டும் என்று கத்தியது. செனட் பக்கம் நின்ற நகரப் படையும் கிளாடியஸிடம் போய்விட்டது. அவர் காவற்படைக்கு ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் வாக்களித்தார்.

கொங்குக்காசு ஐயா சொன்ன பணக் கணக்குக்கு இது பெரிய சான்று. ஆனால் அங்கே பணத்தை எதிர்க்கத் துணிந்த ஒரு பெரிய மனிதரும் இல்லை. கைரியாவைக் கிளாடியஸ் கொல்ல உத்தரவிட்டார், செனட் தடுக்கவில்லை.

தாமிரபரணி

சட்டம் போட்டு ஒழித்தார்களா என்றுதான் இழையைத் தொடங்கினேன். வல்லைவெளி ஐயா, பேரரசரின் அதிகாரம் இதுதான் என்று எழுதிய சட்டம் பிற்காலத்திலாவது வந்ததா?

வல்லைவெளி

வந்தது, அதின்ர ஒரு பகுதி இண்டைக்கும் இருக்குது. ரோமில கேபிடலைன் அருங்காட்சியகத்தில பெரிய வெண்கலப் பலகை. 14ஆம் நூற்றாண்டில கோலா டி ரியென்சோ எண்ட ரோம மக்கள் தலைவர் அதை மக்களுக்கு முன்னால வச்சு விளக்கினவர். பேரரசர் நீரோ செத்த பிறகு ஒண்டரை வருசமளவில கால்பா, ஓதோ, விட்டெலியஸ் எண்டு மூண்டு பேர் வந்து விழுந்து, நாலாவதா வெஸ்பாசியன் வந்தார். அவருக்கு அதிகாரம் குடுத்த சட்டம் அது. முன்பகுதி உடைஞ்சு போச்சுது.

மிச்சமிருக்கிற பந்திகளைப் பாருங்கோ. ஆரோடயும் ஒப்பந்தம் செய்யலாம். செனட்டைக் கூட்டலாம். பதவிக்கு அவர் பரிந்துரைக்கிற ஆளைத் தேர்தலில தனியாக் கவனிக்கோணும். நகர எல்லையைக் கூட்டலாம். அரசுக்கு நல்லதெண்டு அவர் நினைக்கிற எதையும் செய்யலாம். சில சட்டங்கள் அவரைக் கட்டுப்படுத்தாது. அகஸ்டஸுக்கு இருந்தபடி, டைபீரியஸுக்கு இருந்தபடி, கிளாடியஸுக்கு இருந்தபடி எண்டு திரும்பத் திரும்ப வருகுது. கலிகுலா, நீரோ பேர் இல்லை. அவையளை முன்மாதிரியாக் காட்ட ஏலாதுதானே. கி.மு. 23இல ஒரு ஆளுக்கெண்டு பிரிச்செடுத்த அதிகாரம் இங்க பட்டியல் போட்டு முழுசாக் கைமாறுது. அதையும் மக்கள் நிறைவேற்றின சட்டமாத்தான் எழுதியிருக்கினம்.

கடைசிப் பந்திகள்தான் சட்டக்காரருக்கு. இந்தச் சட்டத்துக்காக ஆராவது வேற சட்டங்களுக்கு மாறாச் செய்தால் அவரில குற்றம் வராது, வழக்கும் எடுக்கேலாது. இந்தச் சட்டம் வர முதல் வெஸ்பாசியன் செய்ததெல்லாம் மக்களின்ர ஆணைப்படி செய்த மாதிரியே செல்லும். செனட் வெஸ்பாசியனை ஏற்றது கி.பி. 69 டிசம்பரில. அவரோ தன்ர ஆட்சியை அந்த வருசம் ஜூலை 1ஆம் திகதியிலிருந்து எண்ணினார். அது அலெக்சாந்திரியாவில சிப்பாய்கள் அவருக்குப் பிரமாணம் எடுத்த நாள்.